உட்காராத குமாஸ்தா

என் உத்தியோக காலத்தில் என்னை வதைத்தவர்கள் பலர். கத்தியவர்கள், காரணமில்லாமல் மெமோ கொடுத்தவர்கள், லீவு கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் என்று வரிசையாக உண்டு. அவர்களையெல்லாம் எப்போதோ மன்னித்துவிட்டேன். மன்னிக்கவே முடியாதவர் ஒருவர்தான். அவர் யாரிடமும் கத்தியதில்லை. யாருக்கும் புத்திமதி சொன்னதில்லை. காலையில் ஆபீசுக்கு வந்து, தன் நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தார். அவர் செய்தது அவ்வளவுதான். ஆனால் அதைத் தினமும் செய்தார். புதுக்கோட்டைச் சீமை என்ன, அன்றைய சென்னை மாகாணம் முழுக்கத் தேடினாலும், நன்றாக நடந்துகொண்டிருந்த ஓர் ஆபீசை இவ்வளவு சத்தமில்லாமல் குட்டிச்சுவராக்கிய மனிதர் இன்னொருவர் கிடைக்கமாட்டார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் உபயோகிக்கவில்லை. நாங்கள் வைத்த பெயர் 'நட்டக்குத்தல்'. நட்டுவைத்த கம்பு மாதிரி நிற்பவர். ஆளும் அதற்கேற்ற உயரம். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, அதற்கு மேலே ஒரு சின்னத் தலை. பின்னாலிருந்து பார்த்தால் யாரோ கம்பத்துக்குச் சட்டை மாட்டி வைத்தது போலத்தான் இருக்கும்.

எந்த ஊர்த் தாலுகா ஆபீஸ் என்று கேட்காதீர்கள். புதுக்கோட்டைக்குத் தெற்கே ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமஸ்தானம் போய், நாங்களெல்லாம் மாகாண சர்க்காரின் சிப்பந்திகளாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. சுவரில் மாட்டியிருந்த படங்கள் மாறியிருந்தன. மற்றபடி அதே தடித்த சுவர், அதே தூசி, அதே 'நாளைக்கு வா'. மனுக் கொடுக்க வருகிறவர்கள் விடிந்ததும் சோற்றைத் தூக்குச்சட்டியில் கட்டிக்கொண்டு நடந்து வருவார்கள். வந்து நிற்பார்கள். ஆபீஸ் தாழ்வாரத்தில் யாரும் உட்காரக் கூடாது என்பது எங்கள் சட்டம். எழுதிய சட்டமல்ல, ஆனால் எழுதியதைவிடக் கெட்டியானது. மீறி யாராவது குந்தினால் டவாலி போட்ட சேவகர் அந்தோணி எழுப்பிவிடுவார். அந்தோணி ஆவூர்க்காரர். மாதா கோயில் பூசையில் பாடிப் பழகிய குரல். "எந்திரிங்க" என்று அவர் ஒரு தடவை சொன்னால் வாசலில் படுத்திருக்கும் ஆடுகூட எழுந்து நின்றுவிடும்.

இப்படி ஒழுங்காக இருந்த இடத்துக்குத்தான் நட்டக்குத்தல் மாற்றலாகி வந்தார்.

முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் மேஜைக்குப் பக்கத்து மேஜைதான் அவருக்கு. அதற்கு வாய்த்த நாற்காலியோ, ஆபீசிலேயே உயர்ந்த நாற்காலி. தேக்கு மரம், பிரம்புப் பின்னல், இரண்டு பக்கமும் கைப்பிடி. முன்பு அந்த மேஜையில் இருந்தவர் ஓய்வு பெற்றதும் அது எனக்கு வந்து சேரும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஹெட்கிளார்க் அதைப் புதியவருக்கே விட்டுவிட்டார். மனுஷன் வந்தார். எல்லோருக்கும் கும்பிடு போட்டார். துண்டால் நாற்காலியைத் தட்டினார். கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். பிறகு அதை அப்படியே தூக்கினார். வெளிச்சம் பார்த்துப் போட்டுக்கொள்ளப் போகிறார் என்று நாங்கள் கால்களை ஒதுக்கி வழிவிட்டோம். அவர் எங்களைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தாழ்வாரத்தில் மனு வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். வரிசையில் முதலில் நின்றவர் கீரமங்கலம் பக்கத்து விவசாயி, வயதானவர். அவரைப் பார்த்து, "உக்காருங்கய்யா" என்றார்.

அந்த விவசாயி உட்காரவில்லை. இரண்டடி பின்னால் போனார். தன் மேல் ஏதோ குற்றம் ருசுவாகிவிட்டது, விலங்கு மாட்டுவதற்கு முன்னால் உட்காரச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் போல. தான் வாய்க்கால் தகராறுக்குத்தான் வந்ததாகவும், யாரையும் அடிக்கவில்லை என்றும் சத்தியம் செய்ய ஆரம்பித்தார். அவரைச் சமாதானப்படுத்தி உட்காரவைக்கவே வெகு நேரமானது. உட்கார்ந்தவரும் முழுதாக உட்காரவில்லை. பிரம்புக்கு வலிக்கப் போகிறதே என்பது போல ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

நட்டக்குத்தல் உள்ளே வந்து மேஜைக்கு முன்னால் நின்றார். நின்றபடியே பைலைப் பிரித்தார். நின்றபடியே எழுதினார். மத்தியானம் சோறு தின்ன மட்டும் பின்னால் தரையில் உட்கார்ந்தார். சாயங்காலம் நாற்காலியை எடுத்துவந்து மேஜைக்கடியில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே.

மூல வியாதி என்று முடிவு கட்டினோம். வேறு என்னவாக இருக்க முடியும்? ஹெட்கிளார்க் இளகிய மனசுக்காரர். தன் வீட்டிலிருந்து இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தோணி மூலத்துக்கு மருந்தென்று துத்திக்கீரை பறித்துவந்தார். நட்டக்குத்தல் இரண்டையும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். கீரையை வீட்டுக்கு எடுத்துப்போனார். மெத்தையைத் தாழ்வாரத்து நாற்காலியில் போட்டார்.

அப்போதுதான் எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது.

நீங்களே சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் ஒரு நெட்டை மனிதர் நாள் பூரா நின்றுகொண்டு வேலை செய்தால் நீங்கள் எப்படி உட்கார்ந்திருப்பீர்கள்? மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கன்னத்தில் கைவைத்து லேசாகக் கண்ணயர்வது எங்கள் ஆபீசில் பரம்பரை உரிமை. அவர் வந்த பிறகு கண்ணை மூடினால் தலைக்கு மேலே நிழல் தெரியும். நின்றபடி வேலை செய்கிறவருக்கு ஜன்னல் வழியாக வெளியே இருப்பவர்களின் முகம் தெரியும். முகம் தெரிந்தால் கூப்பிடத் தோன்றும். கூப்பிட்டால் வேலை முடிந்துவிடும். அவர் மேஜையில் காகிதம் தேங்கவே இல்லை. பக்கத்தில் என் மேஜை மலை மாதிரி நின்றது. ஆயுசுக்கும் பழுது சொல்ல முடியாமல் வேலை பார்த்த என்னை, வாய் திறக்காமலே சோம்பேறியாக்கினார் அந்த மனிதர்.

தாசில்தாருக்கு வேறு மாதிரி கஷ்டம். அவர் அறையைவிட்டு வெளியே வந்தால் நாங்கள் எல்லோரும் தடதடவென்று எழுந்து நிற்போம். அந்தச் சத்தம் அவருக்கு மேளதாளம் மாதிரி. நட்டக்குத்தலோ ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார். எழுவதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஒருநாள் தாசில்தார் ஹெட்கிளார்க்கைக் கூப்பிட்டு, அந்த ஆள் தனக்கு எழுந்து மரியாதை செய்வதில்லை என்று புகார் சொன்னார்.

"அவர் எப்பவுமே நின்னுக்கிட்டுத்தான சார் இருக்கார்" என்றார் ஹெட்கிளார்க்.

"அதைத்தான்யா நானும் சொல்றேன். நான் வர்றதுக்கு முந்தியே நின்னா அது எப்படி எனக்கு நின்னதா ஆகும்?"

இதற்கு ஒரு மெமோவும் பிறந்தது. மேலதிகாரி வரும்போது ஏன் எழவில்லை என்று விளக்கம் கேட்டு. உட்கார்ந்திராத காரணத்தால் எழ இயலவில்லை என்று பணிவோடு பதில் கொடுத்தார் நட்டக்குத்தல். தாசில்தார் அதைப் பலமுறை படித்தார். அதில் திமிர் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவரால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.

வெளியே நடந்தது இன்னும் மோசம். நாற்காலிக்கு ஜனங்களே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். முதலில் வந்தவர் உட்கார்வார். ஜன்னலில் அவரைக் கூப்பிட்டதும் எழுந்துகொள்வார். அடுத்தவர் உட்கார்வார். தள்ளுமுள்ளு கிடையாது. குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் தினமும் வந்து உட்கார்ந்து, தன் முறை வந்ததும் எழுந்து போய்க்கொண்டிருந்தார். என்ன மனு என்று அந்தோணி விசாரித்தபோது, மனு ஒன்றும் இல்லை, சர்க்கார் நாற்காலி எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தேன் என்றாராம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, உட்கார்ந்தவர்களின் பேச்சு மாறியது. நின்றுகொண்டிருந்த வரையில் 'சாமி, எசமான், பார்த்துச் செய்யுங்க' என்றவர்கள், கொஞ்ச நேரம் கால் ஆறி உட்கார்ந்து எழுந்ததும், "என் மனு என்ன ஆச்சுங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டதோடு நிற்காமல் பதிலுக்காக வேறு காத்திருந்தார்கள். எங்கள் பிழைப்பில் மண் விழுந்தது அப்போதுதான்.

எல்லாவற்றுக்கும் உச்சம் பெரியவீட்டுக்காரர் வந்த நாள். அந்த வட்டாரத்தில் பாதி நிலம் அவருடையது, மீதிப் பாதி அவர் சொந்தக்காரர்களுடையது. அவர் வண்டி வந்து நின்றால் அந்தோணி ஓடிப்போய்க் கும்பிடுவார், நாங்கள் உள்ளே நாற்காலி போடுவோம். அன்று தாசில்தார் யாருடனோ பேசிக்கொண்டிருந்ததால் அவர் தாழ்வாரத்தில் நிற்க வேண்டியதாயிற்று. அங்கே நாற்காலியில் கருப்பாயி உட்கார்ந்திருந்தாள். கருப்பாயி சேரியிலிருந்து வருகிறவள். புயல் மழையில் குடிசை விழுந்து, வீட்டு மனைக்காக எத்தனையோ நாளாக நடையாய் நடந்துகொண்டிருந்தவள். பெரியவீட்டுக்காரரின் வயலில் நாற்று நட்டுத்தான் அவள் குடும்பம் சாப்பிட்டது.

அவரைக் கண்டதும் கருப்பாயி பதறி எழுந்தாள். பெரியவீட்டுக்காரர் நாற்காலியைப் பார்த்தார். அதைக் கழுவச் சொல்வதா, எடுத்து எறியச் சொல்வதா என்று யோசித்தார் போலிருக்கிறது. அதற்குள் ஜன்னலில் அந்தச் சின்னத் தலை தெரிந்தது.

"ஆத்தா, ஏன் எந்திரிச்சிட்டீங்க? ஒங்க முறை இன்னும் முடியலையே. உக்காருங்க" என்றார் நட்டக்குத்தல். பிறகு பெரியவீட்டுக்காரரிடம் அதே குரலில், "ஐயா, நீங்க உள்ள வந்து என்கூட நிக்கலாம். எடம் இருக்கு" என்றார்.

பெரியவீட்டுக்காரர் கருப்பாயியைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஒரு கிராமமே எழுந்து நிற்கும். கருப்பாயி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கய்யா. ஆபீசர் உக்காரச் சொல்லிட்டாக. நான் எந்திரிச்சா அவுக சொல்லுக்கு மரியாதை இல்லாமப் போயிரும்ல."

அந்தோணி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போய்விட்டார். பெரியவீட்டுக்காரர் நேராகத் தாசில்தார் அறைக்குள் போனார். கதவு சாத்தப்பட்டது. அவர் கிளம்பிப்போன கையோடு உத்தரவு வந்தது. ஆபீஸ் நாற்காலி சர்க்கார் சொத்து, குமாஸ்தாவின் உபயோகத்துக்கு மட்டுமே, எக்காரணம் கொண்டும் அறையைவிட்டு வெளியே போகக்கூடாது.

நானும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டேன். ஒழிந்தது சனியன் என்று நினைத்தேன். அன்றைக்கு நட்டக்குத்தல் நாற்காலியை மேஜைக்கடியில் வைத்தார். உட்காரவில்லை என்றாலும் வெளியே கொண்டுபோகவில்லை. உத்தரவை மீறும் ஆள் இல்லை அவர்.

மறுநாள் காலை, சைக்கிளின் பின்னால் கயிற்றால் கட்டிய ஒரு நாற்காலியோடு வந்து இறங்கினார். சொந்த நாற்காலி. தகரம் அடித்து ஒட்டுப்போட்ட மடக்கு நாற்காலி. அதை வெளியே விரித்துவைத்துவிட்டு உள்ளே வந்து நின்றார். தாசில்தார் விதிப் புத்தகங்களையெல்லாம் புரட்டினார். சர்க்கார் நாற்காலியை வெளியே கொண்டுபோகக் கூடாது என்றுதான் இருந்தது. வீட்டு நாற்காலியைக் கொண்டுவரக் கூடாது என்று எந்த மகானும் எழுதிவைக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் சைக்கிளில் நாற்காலி வரும், சாயங்காலம் போகும். மழையென்றால் நாற்காலிக்குச் சாக்கு போர்த்தியிருக்கும், மனுஷன் நனைந்துகொண்டு வருவார். ஊரில் நாய்கள்கூட அந்தக் காட்சிக்குக் குரைப்பதை நிறுத்திவிட்டன.

தாசில்தாரின் கோபம் ஹெட்கிளார்க் மேல் இறங்கியது. ஹெட்கிளார்க் என்னைக் கூப்பிட்டு, அவர் வீட்டுக்குப் போய் சம்சாரத்திடம் சொல்லிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். எனக்கும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கவேண்டும் போலத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

அந்த அம்மாள் வாங்க வாங்க என்று வரவேற்றார். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். நாற்காலி சைக்கிளிலேயே கட்டியபடி இருந்தது, மறுநாளைக்குத் தயாராக. சிரித்துக்கொண்டே பாயை விரித்தார். வீட்டில் இருந்ததே அந்த ஒரு நாற்காலிதானாம். நான் விஷயத்தைச் சொன்னேன். பெரிய இடத்துப் பகை, மாற்றல் வந்தால் எங்கே தூக்கிப் போடுவார்களோ, குடும்பம் நடத்துகிற நீங்கள்தான் அவருக்குச் சொல்லவேண்டும் என்றெல்லாம் சொன்னேன்.

"என்னையவா சொல்லச் சொல்றீங்க? தெனமும் காலையில அதைத் தொடைச்சுக் கட்டி அனுப்புறதே நாந்தேன்" என்றார் அந்த அம்மாள்.

இந்த வீட்டில் ஒருவருக்காவது புத்தி இருக்கும் என்று நம்பி வந்தது என் தப்பு. அதற்குள் நட்டக்குத்தல் கிணற்றடியிலிருந்து வந்தார். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் முறுக்கிக்கொண்டு புடைத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். ஊரைத் திருத்தப் போகிறீர்களா என்று கேட்டேன். ஊரை எங்கே திருத்தினேன், நாற்காலியைத்தானே நகர்த்தி வைத்தேன் என்றார். பெஞ்சு வேண்டுமென்று மேலே எழுதிக் கேட்டுவிட்டு, ஊரில் எல்லோரையும் போல உட்கார்ந்திருக்கலாமே என்றேன்.

"எழுதிக் கொடுத்திருக்கேங்க. தாசில்தார் மேஜையில கெடக்கு. அது மேல போயி, பதில் வர்ற வரைக்கும் அவங்க நிக்கணுமா?"

சரி, அவர்கள் நிற்கக்கூடாது, நீங்கள் ஏன் நிற்கவேண்டும் என்று விடாமல் கேட்டேன். அவர் காலைத் தடவிக்கொண்டார்.

"அவங்க நிக்கையில நான் உக்காந்து பார்த்தேங்க, பழைய ஆபீசுல. எழுத்து ஓடலை."

காப்பியைக் குடித்துவிட்டு, கோபம் கொஞ்சமும் குறையாமல் வீடு திரும்பினேன்.

முதலில் அவர் பக்கம் சாய்ந்தவர் அந்தோணி. தாசில்தார் அறை வாசலில் அவருக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு. ஒருநாள் காலை அது மடக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஸ்டூல் ஏற்கெனவே தாழ்வாரத்தில்தானே இருக்கிறது, அறையைவிட்டு வெளியே போகவில்லையே என்று நியாயம் பேசினார் அந்தோணி. ஜனங்களை எழுப்பிவிடுவதற்கென்றே சம்பளம் வாங்கிய அந்தக் குரல், "இங்கிட்டு வந்து உக்காருங்க" என்று ராகம் போட ஆரம்பித்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

என் நாற்காலியை நான் கொடுக்கவில்லை. இதை வாசகர்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அது என்னிடமிருந்து பறிக்கப்பட்டது. தாசில்தார் முகாமாகக் கிராமங்களைப் பார்க்கப் போயிருந்த சமயம், ஒருநாள் ஜன்னல் பக்கம் யாரோ என்னையே பார்ப்பது போலிருந்தது. நிமிர்ந்தால் என் மாமியார். அரிமளத்துக்குப் பக்கத்திலிருந்து பட்டா விஷயமாக வந்திருக்கிறார். எனக்குச் சொல்லியனுப்பவில்லை. மாப்பிள்ளை தயவு வேண்டாம் என்ற வீறாப்பு. வெளியே மடக்கு நாற்காலியில் ஒரு கிழவர், ஸ்டூலில் ஒரு பிள்ளைத்தாச்சி. மாமியார் நிற்கிறார். மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் நட்டக்குத்தல் நிற்கிறார்.

"சௌக்கியமா இருக்கீங்களா மாப்ளே?" என்றார் மாமியார். கேட்டது அவ்வளவுதான். ஆனால் அவர் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் நாலு கால்களையும் நிதானமாக அளந்தது.

அந்தப் பார்வைக்கு முன்னால் எந்தத் தாசில்தாரின் உத்தரவு நிற்கும்? தூக்கிக்கொண்டு ஓடினேன். மாமியார் உட்கார்ந்தார். வேலை முடிந்து எழுந்தார். அவர் எழுந்த நொடியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவரை எழுப்ப அந்தோணியைக் கூப்பிட்டேன். அவர் காதில் விழாத மாதிரி போய்விட்டார். நான் அன்று சாயங்காலம்வரை நின்றேன். மறுநாள் நாற்காலியில் உட்காரப் போனால், மாமியாரின் பார்வை ஜன்னலில் தொங்குவது போலவே இருந்தது. உத்தரவை முதலில் மீறியவன் நான்தான் என்று ஆகிவிட்டதால், மற்ற குமாஸ்தாக்கள் என்னைப் பெரிய புரட்சிக்காரன் என்று நினைத்து, ஒவ்வொருவராகத் தங்கள் நாற்காலியை வெளியே கொண்டுபோனார்கள். கடைசியில் ஹெட்கிளார்க்கும் கொடுத்துவிட்டார். தாசில்தார் திரும்பி வந்தபோது ஆபீசே நின்றுகொண்டிருந்தது. எத்தனை பேருக்கு மெமோ கொடுப்பார்? எழுதிக்கொடுக்கவேண்டிய ஹெட்கிளார்க்கே நின்றுகொண்டிருந்தார். தாசில்தார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாங்களெல்லாம் நின்ற அந்த நாட்களில்தான் கருப்பாயிக்கு மனை கிடைத்தது. கால் வலி தாங்காமல் சீக்கிரம் முடித்தோமோ என்னவோ, ஆபீசில் ஒரு காகிதமும் தங்கவில்லை.

வருஷாந்திரக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி வந்தது. திருச்சியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே காரில் வந்து இறங்கிவிட்டார். அவர் கண்ட காட்சி என்னவென்றால், தாழ்வாரம் முழுக்க நாற்காலி போட்டுக் குடியானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே சிப்பந்திகள் அத்தனை பேரும் வரிசையாக நிற்கிறார்கள். தாசில்தார் முகத்தில் ரத்தமில்லை.

இதென்ன ஏற்பாடு என்று கேட்டார் அதிகாரி. குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. அதை மோப்பம் பிடித்துவிட்டார் தாசில்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஜனங்களுக்குச் சேவை செய்யவே சர்க்கார் என்பதைச் சிப்பந்திகள் மனசில் பதியவைக்கத் தாம் செய்த ஏற்பாடு என்று சொன்னார். கூசாமல் சொன்னார். அதிகாரி வெகுவாகப் பாராட்டினார். நல்ல நிர்வாகி என்றால் இப்படி இருக்கவேண்டும் என்றார். தாழ்வாரத்துக்குப் பெஞ்சுகள் வாங்க அங்கேயே மஞ்சூர் உத்தரவு போட்டார். போகிறபோக்கில் நட்டக்குத்தலைப் பார்த்து, நின்று வேலை செய்வது சிரமமாக இல்லையா என்று விசாரித்தார்.

நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். ஒரு வார்த்தை போதும். சொல்லட்டும், இப்போதாவது சொல்லட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"பழகிருச்சு சார்" என்றார் நட்டக்குத்தல்.

பெஞ்சுகள் வந்தன. தாசில்தாருக்குப் பதவி உயர்வு வந்தது. நட்டக்குத்தலுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பெரியவீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? குன்றாண்டார்கோவில் பக்கம், பஸ்கூட ஒழுங்காகப் போகாத ஒரு மூலை. வழியனுப்பு விழாவில் தாசில்தாரே மாலை போட்டு, ஆபீசின் பெயரைக் காப்பாற்ற ஒத்துழைத்த சிப்பந்தி என்று பேசினார். கூட்டம் முடிந்ததும் நான் நட்டக்குத்தலைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டுபோய்க் கத்தினேன். உங்கள் வேலையைக் களவாண்டு ஒருவன் மேலே போகிறான், உங்களைக் காட்டுக்கு அனுப்புகிறான், அந்த அதிகாரியிடம் வாயைத் திறந்தால் என்ன என்று கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அதான் பெஞ்சு வந்திருச்சுல்லங்க" என்றார். இதைவிட எரிச்சலான பதிலை நான் கேட்டதில்லை.

போன இடத்திலும் அதையேதான் செய்திருக்கிறார். அதற்குப் பிறகு போன இடத்திலும். பல வருஷம் கழித்து அந்தோணிதான் வந்து சொன்னார், கால் புண்ணாகிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். பார்த்து ஆறுதல் சொல்ல அல்ல. வாயார ஒருதரம் திட்டுவதற்காக.

அவர் சம்சாரம் மருந்து வாங்கப் போயிருந்தார். நட்டக்குத்தல் கட்டிலில் படுத்திருந்தார். அத்தனை நெட்டையான ஆள் படுத்துப் பார்த்ததில்லை நான். கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, இரண்டிலும் கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அதற்கே ஒரு திட்டு விழுந்தது. அப்புறம் ஆரம்பித்தேன். பிழைக்கத் தெரியாதவர் என்றேன். பிடிவாதக்காரர் என்றேன். உங்களால் எங்கள் ஆபீசில் இன்றைக்கும் எவனும் நிம்மதியாகக் கண்ணயர முடியவில்லை, மனுவோடு யார் வந்தாலும் கை தானாகப் பேனாவை எடுக்கிறது, இந்தப் பாவம் உங்களைச் சும்மா விடாது என்றேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டேன். நெஞ்சில் இத்தனை வருஷமாகக் கட்டிவைத்திருந்ததில் பாதிகூடத் தீரவில்லை. பதில் ஒன்றும் வரவில்லையே என்று பார்த்தால், மனுஷன் தூங்கிப்போயிருந்தார்.

நல்ல வெயில் காலம். நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக நின்றது. ஓர் ஈ வந்து மூக்கின் மேல் உட்காரப் பார்த்தது. மீதித் திட்டை எழுந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று, மேல்துண்டை எடுத்து மடித்து மெதுவாக விசிற ஆரம்பித்தேன்.